முனையில் ஒரு வெடிப்பு

அன்புள்ள அம்மா,

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற பக்கம் எங்கள் ஊர். தேயிலைக்கு நடுவே ஒரு பாறைத் திட்டு பள்ளத்தாக்கை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றுலா வரைபடத்தில் அதற்குப் பெயர் கிடையாது. நாங்கள் ‘முனை’ என்போம். அங்கே நின்றால் சமவெளி மொத்தமும் தெரியும். ராத்திரியில் மேட்டுப்பாளையத்து விளக்குகள் கொட்டிக் கிடக்கும்.

போன மழைக்குப் பிறகு கம்பி வேலி போட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வேலிமேல் தகரமும் அடித்துவிட்டார்கள். ‘பாதுகாப்பு கருதி அனுமதி இல்லை’ என்று ஒரு பலகை. எதனால், எதுவரைக்கும் என்று ஒரு வரி இல்லை. கேட்கப் போனால் ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டுகிறது. ரிசார்ட்டுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு.

என் அப்பா 1970களில் சிறுவனாக இலங்கை மலையகத்து அட்டனிலிருந்து வந்தவர். வந்த முதல் வாரம் தாத்தா அவரை முனைக்குக் கூட்டிப்போய், “பாருடா, இதுவும் நம்ம மலை மாதிரியேதான் இருக்கு” என்றாராம். ஐம்பது வருஷமாக அதே கல்லில் உட்கார்கிறார், ஒன்றும் ஆகவில்லை. பின்னால் புல்லில் விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு வெடிப்பு இருக்கிறது, விரல் நுழையும். வெயிலுக்கு மண் காய்ந்து விட்ட வெடிப்பு. அதைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். பையன்கள் ஓரிடத்தில் தகரத்தை வளைத்துப் போய்வருகிறார்கள். போன வாரம் நானும் போய்ப் படம் எடுத்தேன், இணைத்திருக்கிறேன்.

‘முனையை உடனே திறக்க வேண்டும்’ என்று மனு எழுதியிருக்கிறோம். நீங்களும் கையெழுத்துப் போட்டு, உங்கள் தளத்தில் எழுதினால் எங்களுக்குப் பலம்.

ரா., நீலகிரி


அன்புள்ள ரா.,

இப்போது இருக்கிற மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போகிறபோக்கில் ஒரு வெடிப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

வெயிலில் காய்கிற மண் எப்படி வெடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வற்றிய குளத்தில் பார்த்திருப்பீர்கள், பாளம் பாளமாக, வலை விரித்த மாதிரி எல்லாத் திசையிலும் ஓடும். விளிம்புக்கு இணையாக ஒரே கோடாக ஓடாது. உங்கள் படத்தில் இருப்பது ஒரே கோடு. அதற்கு முன்னால் நிற்கிற சில்வர் ஓக் மரத்தையும் பாருங்கள், அது பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் புவியியல் படித்தவள் இல்லை. ஆனால் சரிவில் முன்பக்கத்து மண் பின்பக்கத்தை விட்டுப் பிரியத் தொடங்கும்போது முதலில் தெரிவது இந்த மாதிரிக் கோடுதான், மரம் சாய்வதும் அதோடு சேர்ந்த அடையாளம் என்ற அளவுக்குப் படித்திருக்கிறேன். பாறையில்தானே உட்காருகிறோம் என்பீர்கள். அந்தப் பாறை எதில் உட்கார்ந்திருக்கிறது? நீலகிரியில் அடியில் இருப்பது சார்னோகைட் என்கிற கெட்டிப் பாறை. அதன்மேல் காலகாலமாக மக்கிச் செம்மண்ணாகிப்போன கனத்த போர்வை. மக்காமல் மிஞ்சிய உருண்டைப் பாறைகள் அந்த மண்ணுக்குள் பொதிந்து கிடக்கும். வெளியே தலைகாட்டுகிற எல்லாப் பாறைக்கும் மலையோடு வேர் இருக்கும் என்று சொல்ல முடியாது. வெடிப்பு வழியே மழைநீர் இறங்கி மண்ணில் ஊறிப்போனால் மண்ணின் பிடி விடும். மீதியை எடை பார்த்துக்கொள்ளும்.

ஐம்பது வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது அந்த ஐம்பது வருஷத்து மழையைப் பற்றிய தகவல் மட்டும்தான். 2009 நவம்பரை அப்பாவிடம் கேளுங்கள். 10-ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மூன்று நாளில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்ணுக்கடியில் போனார்கள். அதில் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

தகரத்தை வளைத்து நீங்களும் போனீர்கள் என்று படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பாவுக்கு இது தெரியுமா?

இதெல்லாம் வேலியைப் பற்றி. தகரத்தைப் பற்றி நான் சொல்ல இருப்பது நேர் எதிர்.

கம்பி வேலி காலைத் தடுக்கிறது. தகரம் கண்ணைத் தடுக்கிறது. வெடிப்பிலிருந்து நன்றாகத் தள்ளி வேலியைப் பின்னால் நகர்த்தினால் போதும், அதன் இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவனால் எந்த மண்ணும் சரியப் போவதில்லை. பார்க்கிறதையும் சேர்த்து மூடினால் என்ன ஆகும் என்பதைச் சென்னையில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மெரினா கலங்கரை விளக்கம் 1977 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதுவரை உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில்தான் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் என் அப்பா என்னை மேலே கூட்டிப்போனார். எனக்கு நினைவிருப்பது கடல் இல்லை. கடல் கீழேயிருந்தும் தெரிகிறதே. நான் பார்த்தது தெற்கே சாந்தோம் தேவாலயக் கோபுரம் எனக்குச் சமமாக நின்றதும், குப்பத்துக் கரையில் கட்டுமரங்கள் தீக்குச்சி போல அடுக்கிக் கிடந்ததும், வடக்கே ஐஸ் ஹவுஸ் கட்டடம் ஒரு கேக் மாதிரி உட்கார்ந்திருந்ததும்தான். நம் ஊர் இவ்வளவுதானா, இவ்வளவா என்று இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியது. பிறகு ராஜீவ் காந்தி கொலை. அதையொட்டி மேலே போகப் பார்வையாளர்களுக்குத் தடை விழுந்தது. மறுபடி திறந்தது 2013 நவம்பரில்.

இது வேறு கதை என்பது தெரியும். அங்கே செக்யூரிட்டி, உங்கள் ஊரில் சேஃப்டி. தமிழில் இரண்டுக்கும் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊர்ப் பலகையில் இருப்பதும் அதுதான். அலுவலகங்களுக்கு அது எவ்வளவு வசதி என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. குண்டு வைப்பான் என்பதும் கால் வழுக்கும் என்பதும் ஒரே பலகையில் அடங்கிவிடும், யாரும் மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இடையில் போன இருபது சொச்சம் வருஷங்களைப் பற்றி. திறந்ததும் என் மகளைக் கூட்டிப்போனேன். அவளுக்கு அப்போது பதினேழு வயது. மெரினாவுக்கு நூறு முறை போயிருப்பாள். வரிசையில் நிற்கும்போது, “இதுல ஏற முடியும்னே எனக்குத் தெரியாதும்மா” என்றாள். மூடின முதல் வருஷம் நாங்கள் எல்லோரும் புலம்பினோம். ஐந்தாவது வருஷம் யாரும் பேசவில்லை. பிறகு பிறந்தவர்களுக்கு அது வெளியிலிருந்து பார்க்கிற ஒரு சிவப்பு வெள்ளைத் தூண், அவ்வளவுதான். இழந்தோம் என்று தெரியாதவர்கள் திறக்கச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். உங்கள் ஊர்த் தகரம் அதே வேலையைச் செய்யும். இன்று ஐந்து வயதுப் பிள்ளைகள் இன்னும் பத்து வருஷத்தில் அதைத் தகரம் என்று மட்டும் அறிவார்கள்.

பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தை மூடிய கதையும் எனக்குப் பிடித்தது. 1989 மார்ச்சில் இத்தாலியில் பாவியா என்ற ஊரில் ஒரு பழைய கோபுரம் முன்னறிவிப்பில்லாமல் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த ஜனவரியில் பைசா சாய்ந்த கோபுரத்தை மூடிவிட்டார்கள். ஊர் எதிர்த்தது, பிழைப்பே அதை நம்பித்தான். பைசா கோபுரம் பல நூற்றாண்டாகச் சாய்ந்தேதான் நிற்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் வாதமேதான். மூடியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பொறியாளர்கள் சாயாத பக்கத்து அடிவாரத்தில் நூற்றுக்கணக்கான டன் ஈயக் கட்டிகளை ஏற்றிப் பார்த்தார்கள். நடுவில் ஒரு தடவை மண்ணை உறையவைக்கப் போய்க் கோபுரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்து எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. கடைசியில் சாயாத பக்கத்து அடிமண்ணைக் கரண்டி கரண்டியாக உறிஞ்சி எடுத்தார்கள். உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் பின்னால் வந்தது. 2001 டிசம்பரில் திறந்தார்கள். கிட்டத்தட்ட பன்னிரண்டு வருஷம். நீண்ட காலம்தான், ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷமும் அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். டெல்லி குதுப்மினார் படிக்கட்டில் 1981 டிசம்பர் 4 அன்று விளக்கு அணைந்து, இருட்டில் நெரிசல் ஏற்பட்டு 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அந்தக் குறுகின சுழல்படியை அகலப்படுத்த வேண்டுமென்றால் மினாரையே இடிக்க வேண்டும். அது மூடியே இருக்கட்டும்.

உங்கள் ஊருக்குப் பைசா வரைக்கும் போக வேண்டியதில்லை. முனையிலிருந்து கூவல் கேட்குமே, அந்த மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1899-இல் குன்னூர் வரை வந்த பாதை அது. வடகிழக்குப் பருவமழையில் அதில் மண் விழாத வருஷம் உண்டா? ஒவ்வொரு தடவையும் நிறுத்துகிறார்கள், பாறையை அகற்றுகிறார்கள், தண்டவாளத்தைச் சரிசெய்கிறார்கள், இத்தனாம் தேதி முதல் ஓடும் என்று அறிவிக்கிறார்கள். தகரம் அடித்து மறைப்பதில்லை. ரயிலுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், முனைக்கு இல்லை. வருவாய்த் துறை, வனத் துறை, நெடுஞ்சாலைத் துறை என்று ஒன்றையொன்று கைகாட்டும் இடத்தில் யாருக்கும் செலவு வைக்காத ஒரே காரியம் பூட்டுவது. ரிசார்ட் பேச்சு உண்மையா என்று எனக்குத் தெரியாது. காரணம் எழுதாத பலகைக்குக் கீழே ஊர் தானாக ஒரு காரணத்தை எழுதிக்கொள்ளும், அது இயல்பு.

ஆகவே மனுவை மாற்றுங்கள். ‘உடனே திறக்க வேண்டும்’ என்பதை எடுத்துவிடுங்கள். யார் வந்து பார்த்தார்கள், எந்தத் தேதியில், என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். யாரும் பார்க்கவில்லை என்றால் ஜி.எஸ்.ஐ. எனப்படும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து ஆள் வரவழைக்கச் சொல்லுங்கள், நீலகிரிச் சரிவுகள் அவர்களுக்குப் புதிதல்ல. வெடிப்பின் இரண்டு பக்கமும் முளை அடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று மழைக்கு முன்னும் பின்னும் அளந்து, அந்த அளவை அதே பலகையில் எழுதச் சொல்லுங்கள். தகரத்துக்குப் பதில் கம்பிவலை கேளுங்கள். எது சரியானால் திறப்பீர்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒருபோதும் திறக்க முடியாது என்றால் அதையும் எழுத்திலேயே சொல்லட்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். எந்த அலுவலகம் என்று குழம்ப வேண்டாம். ஏதாவது ஒன்றுக்கு அனுப்புங்கள். தங்களுடையது இல்லையென்றால் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்பும் பொறுப்பு அவர்களுடையது. இந்த ஒரு பிரிவு தெரியாமல் அலைந்தவர்கள் நிறையப் பேர்.

அந்த மனுவை அனுப்புங்கள், முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும். பையன்கள் வளைத்த தகரத்தை அதற்கு முன்னால் நேராக்கச் சொல்லுங்கள்.

அப்பா இப்போது சாயங்காலத்தில் எங்கே உட்காருகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.