வாசகர் கேள்வி-பதில்: வடக்கு ஃபர் சீல்

கடல் பாலூட்டிகளான சீல், ஃபர் சீல், கடற்சிங்கம் மூன்றையும் படத்தில் பார்த்து எப்படி அடையாளம் காண்பது?

முதலில் காதைப் பாருங்கள். உண்மையான சீலுக்கு வெறும் துளைதான் இருக்கும். மற்ற இரண்டுக்கும் சிறிய காது மடல் உண்டு. இவ்விரண்டும் பின் துடுப்புகளை வயிற்றுக்கு அடியில் முன்னோக்கித் திருப்பி நான்கு காலால் நடக்கும். சீலால் அது முடியாது, வயிற்றை உந்தித்தான் நகரும். ஃபர் சீலுக்கு அடர்ந்த அடிமயிர் உண்டு, கடற்சிங்கத்துக்குக் கிடையாது. வடக்கு ஃபர் சீல்தானா என்று உறுதிசெய்ய முன் துடுப்பின் மேற்புறத்தைப் பாருங்கள்: மயிர் மணிக்கட்டோடு கத்தரித்ததுபோல நின்றுவிடும்.

வடக்கு ஃபர் சீல் எங்கே வாழ்கிறது?

வட பசிபிக், பெரிங் கடல், ஓகோட்ஸ்க் கடல். ஆனால் குட்டி ஈனும் தீவுகள் சிலவே. அலாஸ்காவின் பிரிபிலாஃப் தீவுகள் (செயின்ட் பால், செயின்ட் ஜார்ஜ்), அலூஷியன் தொடரின் போகோஸ்லாஃப், ரஷ்யாவின் கமாண்டர், குரில் தீவுகள், சகலின் அருகே தியுலேனி, தெற்கே கலிஃபோர்னியாவின் சான் மிகேல் ஆகியவை முக்கியமானவை. குளிர்காலத்தில் பெண்களும் இளசுகளும் கலிஃபோர்னியா, ஜப்பான் கடல்வரை இறங்கும். பெரிய ஆண்கள் பெரும்பாலும் வடக்கிலேயே தங்கிவிடும்.

தோலுக்கடியில் தடித்த கொழுப்பு இல்லாமல் உறைகுளிர் நீரைத் தாங்குவது எப்படி?

எல்லாம் மயிரின் வேலை. ஒரு சதுர செ.மீ. தோலில் சுமார் 45,000 மயிர்கள். நீண்ட மேல்மயிர் நனையும். அதன் கீழுள்ள மென்மையான அடிமயிர் காற்றைச் சிறைப்பிடித்துக்கொள்வதால் தோலில் ஈரமே படாது. அதனால்தான் எண்ணெய்க் கசிவு இந்த விலங்குக்கு இவ்வளவு கொடியது. எண்ணெய் பட்ட இடத்தில் மயிர்கள் ஒட்டிக்கொள்கின்றன, காற்று வெளியேறி, குளிர்நீர் நேராகத் தோலைத் தொடுகிறது.

புதிதாகப் பிறந்த குட்டியின் கரிய மயிர் நீர் புகாத தன்மை கொண்டதல்ல. சுமார் மூன்று மாதத்தில் அது உதிர்ந்து வெள்ளிச் சாம்பல் மயிர் வந்த பிறகே கடலில் நெடுநேரம் இருக்க முடியும். இதே மயிர் கரையில் பெரியவற்றுக்குச் சுமை: வெயில் சற்று ஏறினாலும் மயிரற்ற துடுப்புகளை விசிறி வெப்பத்தை வெளியேற்றும்.

இனப்பெருக்கம் எப்படி?

ஆண்கள் மே கடைசி முதல் வந்து இடம் பிடிக்கும். 200 கிலோவைத் தாண்டக்கூடிய உடம்பின் சேமிப்பை எரித்துக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு மாதம்வரை உண்ணாமல் எல்லையைக் காக்கும். கடலுக்குப் போனால் இடம் பறிபோகும். 30 முதல் 50 கிலோ எடையுள்ள பெண்கள் ஜூன், ஜூலையில் வந்து ஓரிரு நாளில் ஈனும். ஒரு வாரத்துக்குள் இணைசேர்ந்து இரைதேடப் போகும். கரு உடனே வளராது. கருப்பையில் ஒட்டாமல் ஏறத்தாழ நான்கு மாதம் காத்திருந்து, நவம்பர் வாக்கில் ஒட்டி வளரத் தொடங்கும். அடுத்த ஈற்றும் அதே கோடையில் விழுவதற்கு இதுவே வழி.

தாய் பல நாள் இரைதேடி, ஓரிரு நாள் திரும்பிவந்து பாலூட்டும். பாலில் 40 சதவீதத்துக்கும் மேல் கொழுப்பு இருப்பதால்தான் குட்டி அந்த இடைவெளியைத் தாங்குகிறது. நான்கு மாதத்தில் பால் நிற்கும். குட்டி வழிகாட்டத் தாயில்லாமல், தனியாகக் கடலுக்குள் இறங்கும்.

மாதக்கணக்கில் கரையே காணாமல் எங்கே தூங்கும்?

நீர்ப்பரப்பிலேயே. ஒருக்களித்துப் படுத்து, ஒரு முன் துடுப்பை மட்டும் நீரில் அசைத்து நிலைகொள்ளும். மற்ற மூன்றையும் குளிரில் நனையாமல் மேலே மடக்கி வைக்கும். மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருந்து அந்தத் துடுப்பை இயக்கும். கனவுத் தூக்கம் கடலில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது.

வேட்டை நின்ற பிறகும் எண்ணிக்கை ஏன் குறைகிறது?

மயிர்த்தோலுக்காக நடந்த நடுக்கடல் வேட்டையை 1911-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ரஷ்யா ஒப்பந்தம் போட்டுத் தடுத்தன. செயின்ட் பாலில் வணிக வேட்டை 1984-இல் முடிந்தது. அங்கு சரிவு நிற்கவில்லை. ஆனால் 1980-இல்தான் முதல் குட்டிகள் காணப்பட்ட எரிமலைத் தீவான போகோஸ்லாஃபில் கூட்டம் பெருகியது. வேறுபாடு இரையில் இருக்கிறது என்பதே வலுவான விளக்கம். செயின்ட் பால் தாய்கள் ஆழமற்ற கடலடித் திட்டில் பொல்லாக் மீனைத் தேடி நெடுந்தூரம் போகின்றன. போகோஸ்லாஃபைச் சுற்றி ஆழ்கடல், கணவாயும் சிறுமீனும் அருகிலேயே கிடைக்கின்றன. தாய் சீக்கிரம் திரும்பினால் குட்டி வேகமாக எடை கூடும்.

வலைத்துண்டும் பேக்கிங் பட்டையும் தனித் தொல்லை. துறுதுறுப்பான இளசு வளையத்துக்குள் தலையை நுழைக்கும். மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் உள்ளே போன வளையம் வெளியே வராது. உடல் வளர வளரக் கழுத்தை அறுக்கும். எறிவதற்கு முன் எந்த வளையத்தையும் வெட்டிவிடுங்கள். சிக்கிய விலங்கைக் கண்டால் நெருங்க வேண்டாம்: மிரண்டு கடலுக்குள் ஓடிவிடும், கடியும் ஆழமானது. இடத்தையும் நேரத்தையும் குறித்துப் பயிற்சி பெற்ற மீட்புக் குழுவிடம் சொல்லுங்கள்.