விடுதியில் பொங்கல் வைக்க வழி உண்டா?

கேள்வி: மேற்கு வங்கத்தில் கரக்பூரில் முதலாண்டு பொறியியல் படிக்கிறேன். பொங்கலுக்கு விடுமுறை இல்லை. அன்று காலை எட்டு மணிக்கே வகுப்பு. விடுதியில் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர்தான். இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி அறையிலேயே பொங்கல் வை என்கிறார் அம்மா. செய்யலாமா?

பதில்: அறையில் வேண்டாம். விடுதி விதி ஒருபுறம் இருக்கட்டும். அறைகளில் பெரும்பாலும் 6 ஆம்பியர் சாக்கெட்தான் இருக்கும். அது தாங்குவது சுமார் 1,380 வாட். இண்டக்‌ஷன் அடுப்போ முழு வேகத்தில் 1,800, 2,000 வாட் கூட இழுக்கும். பிளக் கருகும், இல்லையென்றால் அந்த வரிசை அறைகள் எல்லாம் இருட்டாகும். தவிர, வீட்டிலிருந்து வரும் பித்தளைப் பானை அதில் சூடே ஆகாது.

மெஸ் சமையலறையில் ஓர் அடுப்பு கேளுங்கள். முந்தின நாள் இரவு போய் நின்றால் எந்த வார்டனும் முடியாது என்றுதான் சொல்வார். ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுங்கள்: எந்த நேரம், எத்தனை பேர், பாத்திரம் யார் கழுவுவது. கடைசிக் கேள்விக்குப் பதில் 'நாங்கள்' என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. காலைச் சிற்றுண்டி வேலை சூடுபிடிக்கும் முன், ஆறு மணி வாக்கில் அடுப்பு கிடைத்தால் நல்லது. அங்கே சூரியன் சென்னையைவிடச் சற்று முன்னதாகவே உதிக்கும் என்பதால் வகுப்புக்கும் நேரம் இருக்கும்.

மூன்று பேருக்காகக் கேட்காதீர்கள். அதே சமயத்தில் வங்காளிகளுக்குப் பௌஷ் சங்கராந்தி, தெலுங்குப் பிள்ளைகளுக்குச் சங்கராந்தி, அசாமியருக்கு மாக் பிஹு. எல்லோரையும் சேர்த்தால் நாற்பது பேர் தேறுவார்கள். வங்காளிகள் அரிசி மாவைக் கரைத்து ஆல்பனா போடுவார்கள், நம் மாக்கோலம் போலவே. வாசலை அவர்களிடம் விட்டுவிடலாம்.

சாமான்கள் விஷயத்தில் நீங்கள் கொடுத்து வைத்தவர். கோபிந்தோபோக் என்று கேளுங்கள். சின்னச் சின்னதாக, மணமான பச்சரிசி, சர்க்கரைப் பொங்கலுக்குக் குழைந்து வரும். குளிர்காலத்தில் மட்டும் வரும் நோலேன் குர் என்ற ஈச்சமர வெல்லம் இன்னும் விசேஷம். விலை கூடுதல், அதனால் சாதாரண வெல்லத்தோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். ஊரில் தெலுங்குக்காரர்கள் நிறைய என்பதால் கோல் பஜார் பக்கம் மற்றதையும் விசாரித்துப் பார்க்கலாம்.

நாற்பது பேருக்கு அரிசி ஒன்றரை கிலோ, பாசிப்பருப்பு 400 கிராம், வெல்லம் இரண்டரை கிலோ, நெய் அரை கிலோ போதும். அரிசியும் பருப்பும் நன்றாகக் குழைந்த பிறகே வெல்லம். முன்பே போட்டால் அரிசி வேகாமல் நின்றுவிடும். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, தீயைக் குறைத்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பால் திரியக்கூடும்.

இன்னொன்று, முக்கியமானது. பால் பொங்கி வழிந்தால் கேஸ் அடுப்பு அணைந்துபோகும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். நுரை மேலே ஏறும்போது ஒருவர் அடுப்பின் திருகு குமிழில் கை வைத்து நிற்கட்டும். மற்றவர்கள் பொங்கலோ பொங்கல் என்று கத்தலாம். மெஸ் சமையல்காரரை இப்போதே சிநேகம் பிடியுங்கள், முதல் கரண்டியும் அவருக்கே.

அம்மாவை அந்த நேரத்தில் வீடியோவில் கூப்பிடாதீர்கள். வீட்டிலும் அதே வேலைதான் நடக்கும். இரண்டு பக்கமும் அவசரத்தில் பேசி அழுகையில் முடியும். மதிய இடைவேளையில் கூப்பிட்டால் நிதானமாகப் பேசலாம். பார்சல் அனுப்பியே தீருவேன் என்றால் அடுப்பு வேண்டாம், முந்திரியும் ஏலக்காயும் வீட்டு நெய்யும் அனுப்பச் சொல்லுங்கள். நெய் பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டச் சொல்லுங்கள்.