வால்வை மூடினால் ஐசொலேஷன் ஆகாது: எண்ணெய், எரிவாயு ஆலைப் பாதுகாப்பு பற்றிய கேள்வி பதில்

பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு), ஐசொலேஷன் (வேலை நடக்கும் கருவியை லைனிலிருந்து முழுதாகத் துண்டிப்பது), கேஸ் டெஸ்ட், டிரிப் (ஆபத்தில் கருவியைத் தானாக நிறுத்தும் அமைப்பு), ரிலீஃப் வால்வு (மிகை அழுத்தத்தை வெளியேற்றுவது) பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். ஹெல்மெட் நிறம் போன்றவற்றை உங்கள் பயிற்சிப் பிரிவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கே: சார், வெசல் என்ட்ரிக்கு (கலனுக்குள் ஆள் இறங்குவதற்கு) முன் கேஸ் டெஸ்ட்டை எந்த வரிசையில் பார்ப்பது? எல்லா சென்சாரும் ஒரே மீட்டரில் இருக்கும்போது வரிசை எதற்கு?

ப: எண்கள் ஒன்றாக வந்தாலும் படிக்கும் வரிசை மாறக் கூடாது. முதலில் ஆக்சிஜன், அடுத்து எல்.இ.எல் (காற்றில் வாயு தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு; மீட்டர் அதன் சதவீதத்தைக் காட்டும்), பிறகு நச்சு வாயு. பெரும்பாலான மீட்டர்களில் எல்.இ.எல் சென்சார் வாயுவைத் தனக்குள் இருக்கும் பாசி போன்ற சிறு மணியின் மேல் எரித்து, அந்தச் சூட்டைத்தான் அளக்கிறது. எரிய ஆக்சிஜன் வேண்டுமே! நைட்ரஜன் விட்ட வெசலில் ஹைட்ரோகார்பன் நிறைந்து கிடந்தாலும் அது 0 காட்டும். ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த எல்.இ.எல் எண்ணை பெர்மிட்டில் எழுதவே எழுதாதீர்கள்.

இன்னொன்று. ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம் வரை என்ற வரம்பைப் பலர் தேர்வு மதிப்பெண் போலப் பார்க்கிறார்கள். 20.9 இருக்க வேண்டிய இடத்தில் 20.4 வந்தால் 'வரம்புக்குள்தானே' என்று கையெழுத்து விழுகிறது. துரு ஆக்சிஜனைத் தின்றிருக்கலாம். இல்லையென்றால், ஆக்சிஜன் அரை சதவீதம் குறைய உள்ளே இருக்கும் காற்றில் ஏறக்குறைய 2.4 சதவீத இடத்தை வேறு எதுவோ பிடித்திருக்க வேண்டும். 24,000 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 24,000 பங்கு)! நைட்ரஜன் கசிந்திருக்கலாம், உங்கள் மீட்டரில் சென்சாரே இல்லாத வாயுவாகவும் இருக்கலாம். எதுவென்று தெரியும்வரை ஆள் இறங்கக் கூடாது.

மேல், நடு, அடி மூன்றிலும் சாம்பிள் எடுங்கள். அடியில் சேறு இருந்தால், அதைக் கிளறும்போதுதான் வாயு வெளியே வரும். காலை 8 மணி ரீடிங் 11 மணிக்கு உதவாது. உள்ளே இருப்பவர் உடம்பில் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

கே: எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் அல்லவா?

ப: 100 பி.பி.எம் அளவில் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். வாடை நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

கே: வெசலுக்கு வரும் லைனில் வால்வை மூடி, பூட்டு போட்டு, டேக் கட்டிவிட்டோம். இதற்கு மேல் என்ன?

ப: பிளைண்ட், அதாவது லைனை முழுதாக அடைக்கும் தகடு. பூட்டு, யாரும் வால்வைத் திறக்காமல்தான் தடுக்கும். வால்வுக்குள் அடைப்பைத் தரும் சீட் தேய்ந்திருந்தாலோ, மணல் சிக்கியிருந்தாலோ உள்ளுக்குள் கசிவதைப் பூட்டு என்ன செய்யும்? ஆள் இறங்குகிற வெசலுக்கு, நாசிலுக்கு (குழாய் சேரும் வாய்) மிக அருகில் உள்ள பிளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) ஸ்பேட் (கைப்பிடியுள்ள பிளைண்ட்) போடுங்கள். அது லைனின் பிரஷர் ரேட்டிங்குக்கு ஏற்ற தடிமனில், எண் அடித்த கைப்பிடியோடு இருக்க வேண்டும். ஷெட்டில் கிடக்கும் தகட்டை வெட்டிச் செருகக் கூடாது. இரண்டு பக்கமும் புது கேஸ்கெட். பிளாஞ்சைப் பிரிக்கும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கத்து போல்ட்டுகளை முதலில் தளர்த்துங்கள், கழற்றிவிடாதீர்கள். உள்ளே மிச்ச பிரஷர் இருந்தால் அது முகத்தில் அடிக்காமல் அந்தப் பக்கமாகப் போகும். போட்ட பிளைண்டுகளின் எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ரிஜிஸ்டரில் ஒத்துப்போக வேண்டும்.

கே: மறுக்கிறேன். எங்களிடம் டபுள் பிளாக் அண்ட் ப்ளீட் பால் வால்வு இருக்கிறது. ஒரே வால்வுக்குள் இரண்டு சீட், நடுவில் ப்ளீட் (சிக்கியதை வெளியேற்றும் சிறு வழி). பிளைண்டுக்காக பிளாஞ்சைப் பிரிப்பதே கூடுதல் ஆபத்து.

ப: பிரிப்பதில் ஆபத்து உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் ஒரே பெயரில் இரண்டு பொருள்களைக் குழப்புகிறீர்கள். வெசல் என்ட்ரிக்கான அமெரிக்க ஓஷா (தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு) விதியில் அந்தப் பெயருக்குப் பொருள், லைனில் தனித்தனியாக இரண்டு வால்வுகளை மூடி, நடுவில் ஒரு டிரெயினைத் திறந்து, மூன்றையும் பூட்டுவது அல்லது டேக் போடுவது. வால்வு தயாரிப்புக்கான ஏ.பி.ஐ 6டி (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரநிலை) அதே பெயரை இரண்டு சீட் உள்ள ஒற்றை வால்வுக்குத் தருகிறது. ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் இருந்தால் அது உறுதியான இரட்டை அடைப்பு ஆகாது என்றும் அதே தரநிலை சொல்கிறது.

காரணம் சீட்டின் அமைப்பு. இவ்வகை வால்வுகளில் பெரும்பாலும் சீட்டுகள் தாமாகவே அழுத்தத்தை விடுவிப்பவை. முன் சீட் கசிந்தால் பந்தைச் சுற்றியுள்ள குழி நிரம்பும். ப்ளீட் திறந்திருந்தால் வெளியே போகும். அது கிரீஸாலோ ஹைட்ரேட்டாலோ (நீரும் வாயுவும் சேர்ந்து உறைந்த பனிக்கட்டி போன்ற படிவு) அடைபட்டிருந்தால், அழுத்தம் பின் சீட்டைத் தள்ளிவிட்டு உங்கள் ஆள் நிற்கும் பக்கம் போகும். போதாக்குறைக்கு பந்து ஒன்று, அதைத் திருப்பும் ஸ்டெம் ஒன்று. ஸ்டெம் சாவி உடைந்தால் வெளியே 'மூடியது' என்று காட்டும், உள்ளே பந்து பாதி திறந்திருக்கலாம்.

கே: (அவரே) வடகடல் எண்ணெய் மேடை பைபர் ஆல்ஃபாவில் கசிந்தது பிளைண்டுதானே?

ப: நல்ல அடி! ஆனால் முழுதாகப் பாருங்கள். 1988 ஜூலை 6. கண்டன்சேட் (வாயுவிலிருந்து பிரியும் திரவ எரிபொருள்) பம்ப் 'ஏ'யின் ரிலீஃப் வால்வு சோதனைக்குக் கழற்றப்பட்டு, திறந்த குழாய் முனையில் ஒரு பிளைண்ட் பிளாஞ்ச் போட்டிருந்தார்கள். கசியாத அளவுக்கு இறுக்கவில்லை. இரவில் பம்ப் 'பி' நின்றது. பம்ப் பராமரிப்புக்கான பெர்மிட் மட்டும் இரவு ஷிஃப்டின் கண்ணில் பட்டது, ரிலீஃப் வால்வு பெர்மிட் படவில்லை. 'ஏ'யை ஓட்டினார்கள். 167 பேர் இறந்தார்கள். அங்கே இருந்தது மூடி, ஐசொலேஷன் அல்ல. பிளைண்ட் என்றால் சரியான டார்க்கில் (முறுக்கு விசை) இறுக்கி, கசிவு பார்த்து, ரிஜிஸ்டரில் ஏற்றியது. ஒரே கருவிக்கு இரண்டு பெர்மிட் இருந்தால் ஒன்றின் எண் மற்றொன்றில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கே: நெபோஷ் (பணிப் பாதுகாப்புச் சான்றிதழ்) தேர்வில் பாஸாக டிப்ஸ்?

ப: பாடத்திட்டத்தைப் படியுங்கள்.

கே: லெவல் டிரிப் அடிக்கடி பொய்யாக அடிக்கிறது. பைபாஸில் வைத்து (டிரிப் வேலை செய்யாமல் செய்து) ஓட்டலாமா?

ப: எழுத்தில், நேரக் கெடுவோடு, அந்த டிரிப்புக்குப் பதிலாக யார் எதைப் பார்க்கப்போகிறார் என்று பெயரோடு இருந்தால் மட்டும். 'டிரான்ஸ்மிட்டர் (மட்டத்தை அளந்து அனுப்பும் கருவி) இருக்கிறதே' என்ற பதில் செல்லாது. 2005 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் ஒரு கோபுரம் நிரம்பிக்கொண்டிருந்தபோது டிரான்ஸ்மிட்டர், மட்டம் குறைவதாகக் காட்டியது. தனியாக இருந்த இரண்டாவது ஹை லெவல் அலாரமும் அடிக்கவில்லை. 15 பேர் இறந்தார்கள். டிரிப்பும் டிஸ்ப்ளேயும் ஒரே டிரான்ஸ்மிட்டரை நம்பியிருந்தால் உங்களிடம் இருப்பது ஒன்றுதான்.

கே: நைட்ரஜன் பர்ஜ் (நைட்ரஜனை விட்டு வாயுவை வெளியேற்றுவது) முடித்தோம், எல்.இ.எல் 0. ஹாட் ஒர்க் (வெல்டிங் போன்ற தீப்பொறி வேலை) தரலாமா?

ப: முதல் பதிலைப் படிக்காமல் கேட்டிருக்கிறீர்கள். ஆக்சிஜன் இல்லாமலும் வேலை செய்யும் இன்ஃப்ராரெட் மீட்டரில், வால்யூம் சதவீதத்தில் பாருங்கள். ஹைட்ரஜன் சர்வீஸ் என்றால் அதுவும் உதவாது, இன்ஃப்ராரெட்டுக்கு ஹைட்ரஜன் தெரியாது.

கே: வால்வு புதுசு சார், பூட்டும் போட்டாச்சு...

ப: பிளைண்ட் போடுங்கள்.

கே: (டபுள் பிளாக்காரர்தான்) கடைசியாக ஒன்று. ப்ளீடைத் திறந்தோம், ஒன்றுமே வரவில்லை. அப்படியென்றால் சீட் நன்றாக இருக்கிறது, சரிதானே?

ப: திறந்த நொடியில் குழியில் இருந்தது கொஞ்சமாவது வெளியே வந்து, பிறகு நின்றதா? அப்படியென்றால் சரி. லைனில் பிரஷர் இருக்கும்போது திறந்தும் முதல் நொடியிலிருந்தே ஒன்றும் வரவில்லையென்றால் ப்ளீட் அடைபட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெர்மிட்டை நிறுத்துங்கள், அடைப்பை நீக்கிக் காட்டச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.