கூட்டுக்குள் வந்தது எது? வீட்டுக் கோழி வளர்ப்போரின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கோழிகளைப் பறிகொடுத்தவர்கள் எழுதியவை. எனவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீடு தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. கொஞ்சம் சிறுவிடைக் கோழிகள் வளர்க்கிறேன். போன வாரம் விடிந்ததும் கூட்டைத் திறந்தால் மூன்று கோழிகள் தலையும் கழுத்தும் இல்லாமல் கிடந்தன. உடம்பில் வேறு காயமே இல்லை. கீரிப்பிள்ளையின் வேலை என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். செத்த கோழியிலேயே பூச்சிமருந்துக் குருணையைக் கலந்து வைத்துவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். வைக்கலாமா?
– வாசகி, அலங்காநல்லூர்

பதில்: வைக்க வேண்டாம் அம்மா. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் கோழிகளைக் கொன்றது கீரிப்பிள்ளையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம் பக்கத்துக் கீரி பகலில் இரை தேடும் விலங்கு. பொழுது சாய்ந்ததும் வளைக்குள் ஒடுங்கிவிடும். மாலையில் அடைக்கும்போது உயிரோடிருந்த கோழி விடியும்போது செத்துக் கிடந்தால், இடைப்பட்ட இருட்டில் நடமாடிய ஒன்றைத்தான் தேட வேண்டும். கோழி காணாமற்போனாலும் செத்துக் கிடந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எந்த நேரத்தில் நடந்தது என்பதுதான். அதற்கு விடை கிடைத்தாலே சந்தேகப்பட வேண்டிய விலங்குகளில் பாதி கழிந்துவிடும்.

தென்னந்தோப்பின் ஓரம், இரவு நேரம், தலையும் கழுத்தும் மட்டும் தின்னப்பட்டிருப்பது, ஒரே இரவில் மூன்று கோழிகள் செத்தது ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மரநாய் மேல்தான் எனக்குச் சந்தேகம். மரப்பொந்திலும் ஓட்டு வீட்டுப் பரணிலும் பகலெல்லாம் தூங்கிவிட்டு, இரவில் பழமும் எலியும் தேடி இறங்கும் விலங்கு அது. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது என்பதால், பக்கத்துக் கோழி கடிபடும்போதும் அது ஓடாமல் அடைந்த இடத்திலேயே ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் உள்ளே நுழைந்த விலங்கு ஒன்றோடு நிறுத்துவதில்லை. மதில்மேலோ கூரைமேலோ பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் என் சந்தேகம் பெரும்பாலும் உறுதியாகும். அதோடு, கூட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சலித்த அடுப்புச் சாம்பலையோ மெல்லிய மணலையோ மாலையில் தூவி வைத்து, காலையில் யாரும் மிதிப்பதற்கு முன் தடம் பாருங்கள். நாய், நரி இவற்றின் தடத்தில் நான்கு விரல்களும் நகக்குறியும் பதியும். பூனைத் தடத்தில் நான்கு விரல்கள் இருக்கும், நகம் பதியாது. மரநாய்க்கும் கீரிக்கும் ஐந்து விரல்கள்.

செத்த கோழி கிடந்த இடத்தையும் நினைவுபடுத்திப் பாருங்கள். கம்பிவலையை ஒட்டிக் கிடந்திருந்தால், விலங்கு உள்ளே வராமலே வலைக்கண் வழியாகத் தலையைப் பிடித்து வெளியே இழுத்திருக்கும். பூனையும் இப்படிச் செய்யும். கூட்டின் நடுவில் கிடந்திருந்தால் எங்கோ வழி இருக்கிறது. கோழி கடிபட்டுத்தான் செத்ததா, நோயில் செத்த பிறகு தின்னப்பட்டதா என்ற ஐயமும் சிலருக்கு வரும். கையுறை போட்டுக்கொண்டு, காயத்தின் ஓரத்தில் இறகை விலக்கித் தோலைச் சற்றே கீறிப் பாருங்கள். தோலுக்கு அடியில் கருஞ்சிவப்பாக இரத்தம் கட்டியிருந்தால் உயிரோடிருக்கையில் விழுந்த கடி. வெளிறிக் கிடந்தால் செத்த பிறகு விழுந்தது. ஆனால் காயமே இல்லாமல் பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் கத்தியை எடுக்கவே கூடாது. அது வெள்ளைக்கழிச்சலாகவோ வேறு தொற்றாகவோ இருக்கலாம். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

இனி வழியை அடைப்பது பற்றி. கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. பல்லால் கடித்து இழுத்தால் அது பிரிந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்கி, சட்டத்தில் ஆணியை மட்டும் நம்பாமல் வாஷர் வைத்துத் திருகாணியால் முடுக்குங்கள். மரநாய் பெரும்பாலும் மேலிருந்துதான் இறங்கும் என்பதால் கூரையில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தை மறக்காதீர்கள். பகலில் கூட்டுக்குள் நீங்களே உட்கார்ந்து கதவைச் சாத்திப் பார்த்தால், வெளிச்சம் வருகிற ஒவ்வொரு சந்தும் தெரியும். மூன்று விரல் சேர்ந்து நுழையும் சந்து எதையும் விட்டுவைக்க வேண்டாம். கூட்டின்மேல் சாய்ந்திருக்கும் தென்னை மட்டையையும் கிளையையும் வெட்டிவிடுங்கள்.

விஷத்துக்கு வருகிறேன். தோப்பில் வைக்கும் விஷத்தை மரநாய்தான் தின்னும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. உங்கள் வீட்டு நாய், பக்கத்து வீட்டுப் பூனை, காக்கை, மயில் எல்லாம் அங்கே வருகின்றன; தோப்பில் விளையாடும் பிள்ளைகளும் வருவார்கள். மரநாய், கீரி, நரி, காட்டுப்பூனை, உடும்பு, மயில் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. கொன்றால் வழக்கும் சிறையும் வரும். அப்படியே அந்த ஒரு மரநாய் செத்தாலும், சந்து திறந்தே இருக்கும் வரை அடுத்தது வரத்தான் செய்யும். விஷத்துக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை வலைக்குச் செலவழியுங்கள் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அடைக்கோழி பொரித்த பன்னிரண்டு குஞ்சுகளில் ஏழுதான் மிச்சம். எல்லாம் பகலில்தான் போகின்றன. ஒரு சொட்டு இரத்தமோ ஓர் இறகோ கிடைக்கவில்லை. பருந்தா, காக்கையா, கீரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மேலூர்

பதில்: தாய்க்கோழியைக் கவனியுங்கள். அது உங்களுக்குச் சொல்லிவிடும். வானத்தில் ஆபத்தைக் கண்டால் கோழி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்த்து, மெல்லியதாக, நீட்டி ஒரு குரல் கொடுக்கும். குஞ்சுகள் அந்தக் கணமே செடியடியில் பதுங்கும், அல்லது தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். தரைவழியே கீரியோ பூனையோ வந்தால் நிமிர்ந்து நின்று, விட்டுவிட்டு, உரத்துக் கத்தும். வீட்டு வேலையின் நடுவே இந்த இரண்டு குரலையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால், வெளியே ஓடிவந்து மேலே பார்ப்பதா, வேலியைப் பார்ப்பதா என்று தெரியும்.

காக்கை பெரும்பாலும் முதல் வாரக் குஞ்சுகளைத்தான் தூக்கும். அதற்கு மேல் தாய் விரட்டிவிடும். உயரத்தில் வட்டமிட்டுத் திறந்தவெளியில் இறங்கும் பருந்தை நீங்கள் முன்கூட்டியே பார்த்துவிடலாம். பார்க்க முடியாதது வல்லூறு. புறா அளவே இருக்கும் இந்தப் பறவை வேப்பமரத்திலோ புளியமரத்திலோ இலைக்குள் உட்கார்ந்திருந்து, தாழ்வாகப் பறந்து வந்து ஒரே பாய்ச்சலில் குஞ்சை எடுத்துப் போய்விடும். தடயமே இல்லாமல் பட்டப்பகலில் ஒவ்வொன்றாகக் குறைகிறது என்றால் என் கணிப்பு வல்லூறுதான். கீரி என்றால் வேலியோரப் புதரில் இழுத்த தடமோ, சில இறகுகளோ மிஞ்சும். வளர்ந்த கோழி போயிருந்து இறகு மட்டும் கிடந்தால் இறகின் அடிக்காம்பைப் பாருங்கள். பறவை அலகால் பிடுங்குவதால் காம்பு முழுதாக இருக்கும், இறகுகள் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். விலங்கு கடித்து இழுப்பதால் காம்பு நசுங்கியோ அறுந்தோ இருக்கும்.

குஞ்சுகளை முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு மேற்பார்வை இல்லாமல் வெளியே விட வேண்டாம். நம் பாட்டிமார் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தது இதற்காகத்தான். அதைவிடச் சிறந்த ஏற்பாடு இன்றும் இல்லை. காற்றோட்டமான நிழலில் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்து, தாயையும் குஞ்சுகளோடு சேர்த்தே அடையுங்கள். வெயில் ஏற ஏற நிழல் நகர்வதைப் பார்த்துப் பஞ்சாரத்தையும் நகர்த்த வேண்டும். சித்திரை வெயிலில் மறந்து விடப்பட்ட பஞ்சாரம் எந்தப் பருந்தையும்விட அதிகக் குஞ்சுகளைக் கொல்லும். மேய விடும் இடத்தில் ஓர் அவரைப் பந்தலோ கோவைக்கொடிப் பந்தலோ இருந்தால் குஞ்சுகள் ஓடி ஒளிய இடம் கிடைக்கும். பழைய மீன்வலையை ஆளுயரத்துக்குக் கட்டுவதும் நல்லது. மினுங்கும் தாளும் பழைய குறுந்தகடும் கட்டித் தொங்கவிட்டால் சில நாள் மிரளும், பிறகு பழகிவிடும். அதை நம்பி இருக்காதீர்கள். கோழி அறுத்த கழிவையும் மீன் கழிவையும் வெளியே வீசினால் பருந்தை நீங்களே வீட்டுக்கு வழிகாட்டி அழைத்தது போலாகும். குழி தோண்டிப் புதையுங்கள்.

கேள்வி: அடை வைத்த முட்டைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஓடுகூட இல்லை. என்ன செய்வது?
– வாசகர், சோழவந்தான்

பதில்: ஓடே இல்லாமல் போவது பெரும்பாலும் பாம்பு விழுங்குவதால். வயலோரத்து வீடுகளில் சாரையும் வரும், நல்லபாம்பும் வரும். காக்கை என்றால் கொத்திய துளையோடு ஓடு கிடக்கும். கோழியே தன் முட்டையைக் குடிப்பதும் உண்டு. அப்போது வைக்கோல் ஈரமாக இருக்கும், அலகில் மஞ்சள்கரு காய்ந்திருக்கும். அதற்குக் கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலந்து கொடுங்கள்.

பாம்பு முதலில் எலியைத் தேடித்தான் வருகிறது. கம்பையும் அரிசிக் குருணையையும் மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். கூட்டை ஒட்டி விறகும் செங்கல்லும் அடுக்காதீர்கள். அடைக்கூடையைத் தரையிலிருந்து உயர்த்தி, அரை அங்குல வலையடித்த பெட்டிக்குள் வையுங்கள். இருட்டில் அடைக்கூடைக்குள் ஒருபோதும் கையை விடாதீர்கள். பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாமல் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லுங்கள். கடி விழுந்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: தெருநாய்கள் கூட்டின் அடியில் பள்ளம் பறித்து நுழைந்து, இருந்த கோழிகளை எல்லாம் கொன்றுவிட்டன. ஒன்றைக்கூடத் தின்னவில்லை. கூட்டைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் விடலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார்.
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: அந்த யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது குற்றம். அதில் மனிதர்களே செத்திருக்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களே மிதித்துச் செத்ததும் உண்டு.

தின்னாமல் கொன்று போட்டுவிட்டுப் போவது நாய்க்கூட்டத்தின் அடையாளம். முதுகிலும் பின்புறத்திலும் கடி இருக்கும், முற்றமெங்கும் இறகு சிதறிக் கிடக்கும். அடியில் பறிப்பதைத் தடுக்க, வெல்டு மெஷ்ஷைச் சுவரோடு சேர்த்து ஓரடி ஆழம் புதையுங்கள். கரடுதட்டிய உங்கள் பக்கத்து மண்ணில் தோண்டுவது சிரமமென்றால், வெளிப்புறமாக இரண்டடி அகலத்துக்குத் தரையில் விரித்துக் கல் வைத்து அழுத்திவிடுங்கள். நாய் சுவரின் அடியில்தான் பறிக்கத் தொடங்கும். நகத்தில் கம்பி சிக்கியதும் விட்டுவிடும். கதவுக்குத் தாழ்ப்பாளோடு ஒரு பூட்டும் இருக்கட்டும்.

செத்தவற்றைப் படம் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டி, ஊராட்சியில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். இழப்பீடு கேட்பதற்கும் நாய்களுக்குக் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி கேட்பதற்கும் அந்தத் தாள் உதவும். கடிபட்டுச் செத்தவற்றைச் சமைக்க வேண்டாம். எப்போது செத்தன என்பதே தெரியாது. கோழியைக் காப்பாற்றப் போய் உங்களுக்கு நாய்க்கடியோ கீறலோ பட்டிருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பூனை கவ்விய பெட்டைக்கோழியை விரட்டிப் பிடுங்கிவிட்டோம். சிறு காயம்தான் தெரிகிறது. பிழைக்குமா?
– வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: பூனையின் பல் ஊசி போல மெல்லியது. மேலே புள்ளியாகத் தெரிகிற காயம் உள்ளே ஆழமாக இருக்கும், ஓரிரு நாளில் சீழ் பிடித்துக் கோழி செத்துவிடும். ஆகவே காயம் சிறியது என்று விட்டுவிடாமல் இன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கேளுங்கள். போவதற்கு முன், இறக்கைக்கு அடியிலும் முதுகிலும் இறகை ஊதி விலக்கி, வேறு துளைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். காயத்தைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரித்து, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். மண்ணெண்ணெய், பினாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஓரத்தில் வேப்பெண்ணெய் தடவினால் ஈ மொய்ப்பது குறையும். இருந்தும் தினமும் புழு வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரத்தச் சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் அங்கேயே கொத்தும் என்பதால், தோல் காய்ந்து மூடும் வரை தனியே, கதகதப்பான மங்கலான இடத்தில், தண்ணீரும் இளகிய தீவனமும் எட்டும்படி வையுங்கள். திரும்பச் சேர்க்கும்போது பகலில் விடாமல், எல்லாம் அடைந்த பிறகு இருட்டில் கொண்டுபோய் நடுவில் உட்கார வைத்தால் சண்டை குறையும்.