வர்ணனையாளரின் குரலை மட்டும் குறைப்பது எப்படி?

கேள்வி: என் தந்தைக்கு 76 வயது. காது கேட்கும் கருவி அணிந்திருக்கிறார். ஐபிஎல் ஆட்டம் ஒன்றையும் விடமாட்டார். ஆனால் இப்போதெல்லாம் தமிழ் வர்ணனை தொடங்கிய பத்து நிமிடத்தில் ரிமோட்டை எடுத்து ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, ஊமைப் படம் போல ஆட்டத்தைப் பார்க்கிறார். ஒலியைக் குறைத்து வைத்தால், "கூட்டத்தின் சத்தம் காணாமல் போகிறது, இவர்கள் கத்துவது மட்டும் அப்படியே இருக்கிறது" என்கிறார். கோளாறு தொலைக்காட்சியிலா, அவர் காதிலா, வர்ணனையிலா? குரலை மட்டும் குறைக்க வழி உண்டா? இதை யாரிடம் முறையிடுவது? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தங்கள் தந்தையார் சொல்வது ஒலிப்பொறியியல் கணக்கில் மிகச் சரியான கவனிப்பு. நேரலை விளையாட்டு ஒளிபரப்புகளில் ஒலிக்கலவை மேசையின் முன் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒலியைக் குறைத்தால் கூட்டம் மறைந்து குரல் மட்டும் எஞ்சுவது உங்கள் பெட்டியின் கோளாறு அன்று. ஒலி அப்படித்தான் கலக்கப்பட்டு அனுப்பப்படுகிறது.

கலவை மேசைக்கு ஒலி பல தடங்களில் வந்து சேரும். எல்லைக்கோட்டை ஒட்டி நட்டிருக்கும் மைக்குகள் கூட்டத்தின் ஆரவாரத்தைத் தரும்; ஸ்டம்ப் மைக் மட்டையில் பந்து படும் ஓசையையும் விக்கெட் கீப்பரின் பேச்சையும் தரும்; வர்ணனையாளர்களின் குரல் தனியே வரும். இவை கடைசிக் கட்டம்வரை ஒன்றோடொன்று கலப்பதில்லை. 2020ஆம் ஆண்டு ஐபிஎல் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆளில்லா அரங்குகளில் நடந்தபோது, முன்பே பதிவுசெய்த ஆரவாரத்தை ஒளிபரப்பில் சேர்த்ததை நினைத்துப் பார்த்தால், கூட்டமும் குரலும் எவ்வளவு தனித்தனியானவை என்பது விளங்கும். வர்ணனைத் தடத்தில் கம்ப்ரெஸர் என்ற சாதனம் இருக்கிறது. அது உரத்த பேச்சை அமுக்கி, மெல்லிய பேச்சைத் தூக்கி, இரண்டையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதனோடு, வர்ணனையாளர் வாய் திறந்தவுடன் கூட்டத்தின் ஒலி தானாகத் தணிந்து வழிவிடும்படியான ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. ஓவருக்கு ஓரிருமுறை பேசுகிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. மூன்று பேர் இடைவிடாமல் பேசினால் கூட்டம் எழவே முடியாது. சேப்பாக்கத்தில் முப்பதாயிரம் பேர் எழுப்பும் ஓசை, அறைக்குள் இருக்கும் மூன்று பேரின் காலடியில் கிடக்கும்.

இதிலிருந்து வியப்பான ஒன்று பிறக்கிறது. அளவுமானியில் பார்த்தால், கத்துகிற வர்ணனையும் நிதானமான வர்ணனையும் பெரும்பாலும் ஒரே அளவுதான் காட்டும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் வகுத்த ஆர்128 போன்ற ஒலிநெறிகளும் நிகழ்ச்சி முழுவதற்குமான சராசரியைத்தான் பிடித்து நிறுத்துகின்றன. ஆனால் மனிதக் காது சராசரி பார்ப்பதில்லை. ஒருவர் கத்தும்போது குரலின் சுருதி ஏறுகிறது. அதன் ஆற்றல் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் பக்கம் நகர்கிறது. காது மிகக் கூர்மையாக இருப்பதும் அந்த எல்லையில்தான். எனவே எவ்வளவு குறைத்து வைத்தாலும் கத்தல் கத்தலாகவே கேட்கும். அடுத்த தெருவில் நடக்கும் சண்டை மெல்லிதாகக் கேட்டாலும் அது சண்டை என்று நமக்குத் தெரிவதில்லையா, அதுபோல.

இனி காது. முதுமையில் ஏற்படும் செவித்திறன் இழப்பில், மெல்லிய ஒலி கேட்காமல் போவதோடு, உரத்த ஒலி திடீரென்று தாங்கமுடியாததாகவும் ஆகிவிடும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் வலிக்கத் தொடங்கும் அளவுக்கும் இடையிலுள்ள தூரம் குறுகிவிடுவதே இதற்குக் காரணம். "கொஞ்சம் சத்தமாகத்தான் பேசேன்" என்று கேட்கும் பெரியவர், நாம் குரலை உயர்த்திய அடுத்த நொடியே "ஏன் இப்படிக் கத்துகிறாய்?" என்று கோபிப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். அது பிடிவாதம் அன்று, உட்செவியின் இயல்பு. கருவியும் பேச்சொலி இருக்கும் எல்லையைத்தான் அதிகமாகப் பெருக்குகிறது. வர்ணனைக் கத்தலும் அங்கேயே வந்து விழுகிறது.

வர்ணனையாளர் ஏன் கத்துகிறார் என்பதற்கு அவருடைய சுபாவத்தைக் காரணம் காட்டுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரைச்சலுக்கு நடுவே பேசும் எவருடைய குரலும் தன்னையறியாமல் உயரும் என்பதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1909இலேயே கண்டறிந்தார். வர்ணனையாளரின் ஹெட்போனில் கூட்டத்தின் ஒலியைத் தாராளமாகவும் அவருடைய சொந்தக் குரலைக் குறைவாகவும் கொடுத்தால், எவ்வளவு அமைதியான மனிதரும் மூன்றாவது ஓவரில் கத்தத் தொடங்கிவிடுவார். அந்த இரண்டு குமிழ்களைத் திருப்பிவைத்தே கத்தலைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். பேசியவருக்கு நான் செய்தது தெரியக்கூட இல்லை. பிபிசியின் பழைய வர்ணனையாளர்கள் மேலுதட்டில் ஒட்டிப் பிடித்துப் பேசும் ஒருவகை மைக்கைப் பயன்படுத்தினார்கள். வாய்க்கு மிக அருகில் வரும் ஒலியை மட்டுமே அது எடுக்கும் என்பதால், ஆரவாரத்தின் நடுவிலும் கிசுகிசுக்கும் குரலில் பேச அவர்களால் முடிந்தது.

மற்றொரு காரணம் இடம். மாநில மொழி வர்ணனைகள் பலவும் மைதானத்திலிருந்து அல்லாமல், தொலைவிலுள்ள ஸ்டுடியோவில் திரையைப் பார்த்தே பேசப்படுகின்றன. நாம் பார்க்கும் அதே படத்தைத்தான் அவரும் பார்க்கிறார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, கேமராவுக்கு வெளியே களத்தடுப்பு எப்படி மாறியது என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வழியில்லை. சொல்லப் புதிதாக ஏதும் இல்லாதபோது, இருப்பதையே உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழக்கமும் ஒரு காரணம். அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றோர் வானொலியில் தமிழ் கிரிக்கெட் வர்ணனை செய்த காலத்தில், பந்துவீச்சாளர் ஓடிவருவதிலிருந்து பந்து போய்ச் சேரும் இடம்வரை எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். கேட்பவருக்கு வேறு கண் இல்லை. தொலைக்காட்சியில் அந்தத் தேவை கிடையாது. ஆனாலும் பண்பலை வானொலியிலிருந்து வந்தவர்கள் நான்கு விநாடி மௌனத்தைக் கூட விபத்தாகவே கருதப் பழகியவர்கள். போதாதற்கு, தயாரிப்பாளரும் காதுக்குள் "எனர்ஜி, எனர்ஜி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேயரைத் திரைக்குத் திருப்புவது குரலின் வேலையாகிவிட்டது. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டன. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பொருளை, "இன்றைய ஆட்டம் சற்று மந்தம்தான்" என்று யாரும் சொல்லவிடமாட்டார்கள். சிக்ஸருக்கே ஒரு கட்டுமான நிறுவனத்தின் பெயரைச் சூட்டி வர்ணனையாளர்களைச் சொல்லவைத்தது ஐபிஎல்லின் முதல் சில ஆண்டுகளிலேயே நடந்தது.

உற்சாகமே கூடாது என்பது என் வாதமன்று. 2011 ஏப்ரல் 2ஆம் தேதி வான்கடேயில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் குலசேகராவின் பந்தைத் தோனி கூட்டத்துக்குள் அனுப்பியபோது ரவி சாஸ்திரி உரத்த குரலில்தான் பேசினார். சில சிறு வாக்கியங்கள், 28 ஆண்டுக் காத்திருப்பு, அவ்வளவே. அது இன்றும் காதில் நிற்கிறது. ஐபிஎல் விதிப்படி ஓர் இன்னிங்ஸை 90 நிமிடத்தில் முடிக்க வேண்டும். வியூக இடைவேளைக்கான 5 நிமிடத்தைக் கழித்தால் 120 பந்துகளுக்கு 85 நிமிடம், அதாவது பந்துக்குச் சுமார் 42 விநாடி. அதில் பந்து உயிரோடு இருப்பது பெரும்பாலும் பத்து விநாடிக்கும் குறைவு. மீதி அரை நிமிடத்தில் எங்கே பேசுவது, எங்கே விடுவது என்பதுதான் இந்தத் தொழில். படத்தில் இருப்பதோடு சேர்க்க ஏதும் இல்லையென்றால் பேசவேண்டியதில்லை என்பது ஆஸ்திரேலிய வர்ணனையாளர் ரிச்சி பெனோவின் கொள்கை. அதற்காக வர்ணனையையே எடுத்துவிடுவதும் தீர்வாகாது. 1980 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் என்பிசி, மியாமியில் நடந்த கால்பந்து ஆட்டம் ஒன்றை (அவர்கள் கையால் ஆடும் கால்பந்து) வர்ணனையாளரே இல்லாமல் ஒளிபரப்பியது. திரையில் கூடுதல் எழுத்துகளையும் அரங்கின் ஒலிபெருக்கி அறிவிப்பாளரையும் நம்பி நடந்த அந்தச் சோதனையை அந்த நிறுவனம் தொடரவில்லை.

இப்போது நீங்கள் செய்யக்கூடியவை. முதலில் தொலைக்காட்சியின் ஒலி அமைப்புகளுக்குள் சென்று, 'கிளியர் வாய்ஸ்', 'டயலாக்' என்ற பெயர்களில் ஏதேனும் இயங்கிக்கொண்டிருந்தால் அணையுங்கள். வயதானவர் வீட்டில் இருக்கிறார் என்று யாராவது நல்லெண்ணத்தில் அதை இயக்கி வைத்திருப்பார்கள். செய்திக்கு அது உதவும், கிரிக்கெட்டுக்கு எதிரி. அடுத்து, ஒலியின் ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறந்து, 3 கிலோஹெர்ட்ஸ் என்று குறித்திருக்கும் கம்பியை நான்கைந்து புள்ளிகள் இறக்கி, 100 ஹெர்ட்ஸ் கம்பியை இரண்டு புள்ளிகள் ஏற்றுங்கள். குரலின் கூர் மழுங்கி, கூட்டத்தின் அடிநாதம் சற்று மேலே வரும். சொற்களின் தெளிவு குறையும் என்பது உண்மைதான். ஸ்கோர் திரையிலேயே இருப்பதால் தந்தையாருக்கு அது பெரிய இழப்பாகாது. நாடகம் பார்க்கும்போது மட்டும் பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் வீட்டில் வேறு ஒருவர் கோபிப்பார்.

சவுண்ட்பார் இருந்து, அதில் நடு ஸ்பீக்கரின் அளவைத் தனியே மாற்ற முடிந்தால், அதை 4 முதல் 6 டெசிபெல் வரை குறையுங்கள். சரவுண்ட் ஒலியில் வர்ணனை நடுத் தடத்தில்தான் வரும் என்பதால், நீங்கள் கேட்ட 'குரலை மட்டும் குறைத்தல்' என்பதற்கு மிக அருகில் வருவது இதுவே. சாதாரண ஸ்டீரியோ ஒலிக்கு வேறொரு தந்திரம் இருக்கிறது. வர்ணனைக் குரல் இடம் வலம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். கூட்டத்தின் ஒலி இரண்டிலும் வேறுபட்டிருக்கும். சில ஆம்ப்ளிஃபயர்களில் கரோக்கிக்காக வைத்திருக்கும் 'குரல் நீக்கும்' பொத்தான், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, இரண்டுக்கும் பொதுவானதை அழித்துவிடும். வர்ணனை கிணற்றுக்குள் போனதுபோல் ஒடுங்க, ஆரவாரம் நிற்கும். ஆனால் ஸ்டம்ப் மைக்கும் வழக்கமாக நடுவில் வைத்தே கலக்கப்படுவதால், மட்டையில் பந்து படும் அந்த 'டக்' என்ற ஓசையும் கூடவே போய்விடும். என்னால் அதைப் பொறுக்க முடியாது. தந்தையாருக்கு எப்படியென்று ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

மொழியை மாற்றிப் பார்ப்பதும் உண்டு. ரிமோட்டிலோ செயலியிலோ ஒலிமொழியை மாற்றி, மைதானத்திலிருந்தே பேசும் ஆங்கில வர்ணனையை வைத்தால் பேச்சின் அடர்த்தி ஓரளவு குறையலாம். ஒலியை அணைத்துவிட்டு வானொலி வர்ணனையை வைத்துக்கொள்ளலாம் என்று பலர் யோசனை சொல்வார்கள். வானொலி முன்னே ஓடும், படம் சில விநாடிகள் பின்னே வரும், இணையவழி என்றால் இன்னும் தாமதம். விக்கெட் விழுந்ததைக் கேட்டுவிட்டுப் பந்துவீச்சைப் பார்ப்பது ஒருவகை வேதனை. குரலையும் அரங்க ஒலியையும் தனித்தனியே அனுப்பி, விகிதத்தை நேயரின் கையிலேயே விடும் முறையை 2011 விம்பிள்டனின்போது பிபிசி சோதித்துப் பார்த்தது. அதற்கு இடங்கொடுக்கும் ஒலிமுறையைத் தென்கொரியா 2017இல் தன் 4கே ஒளிபரப்பில் ஏற்றுக்கொண்டது. நம் நிறுவனங்களிடம் கேட்கவேண்டியது இதைத்தான்.

தந்தையாரின் கருவியைப் பொருத்திய ஆடியோலஜிஸ்டிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள்: உரத்த ஒலி அவரைத் துன்புறுத்துகிறது என்பது ஒன்று; தொலைக்காட்சிக்கென்று தனி நிரல் ஒன்று வேண்டும் என்பது மற்றொன்று. கருவி வெளியிடக்கூடிய உச்ச அளவை அவர் குறைத்துத் தரமுடியும். காது நாமாகத் திருகிப் பார்க்கும் இடமன்று. இந்த ஒன்றை மட்டும் நீங்களே செய்ய முயலவேண்டாம்.

கடைசியாக முறையீடு. வர்ணனையாளர் உற்சாகமாகப் பேசுவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. விளம்பரத்துக்கு விதி உண்டு: கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994இன் 7(6)ஆம் பிரிவு, விளம்பரத்தின் ஒலி அளவுக்கு மீறி உரத்து இருக்கக்கூடாது என்கிறது. ஓவர் முடிந்தவுடன் வரும் விளம்பரம் தூக்கிவாரிப் போடுகிறது என்றால், 2021இல் வந்த திருத்தத்தின்படி அந்த அலைவரிசையின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதலாம். 15 நாளில் அவர் முடிவைத் தெரிவிக்க வேண்டும், திருப்தி இல்லையென்றால் அவர்களுடைய சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். வர்ணனையைப் பற்றியும் அதே கடிதத்தில் எழுதுங்கள், ஆனால் யாருடைய பெயரையும் குறிப்பிட்டுத் திட்டவேண்டாம். எந்த ஆட்டம், எந்த ஓவர், அந்த ஓவரில் ஆரவாரம் கேட்கும்படி எத்தனை விநாடி விட்டார்கள் என்று கடிகாரத்தை வைத்து எண்ணி எழுதினால், அது நேரே என்னைப்போன்ற ஒருவரின் மேசைக்கு வரும். "காது வலிக்கிறது" என்று மட்டும் எழுதிய கடிதம் அங்கே வருவதில்லை.