குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் 8, 11 வயதில் இரண்டு பிள்ளைகள். லேப்ரடார் குட்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். "லேப் ரொம்ப சாது, யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: சாது என்பது உண்மைதான். ஆனால் சாதுவாக இருப்பது வேறு, சும்மா கிடப்பது வேறு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு மீனவர்கள் குளிர்ந்த கடலில் இறக்கி வேலை வாங்கிய நாய்களின் வழிவந்தது லேப். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனுக்குப் போய், சுட்டு விழுந்த பறவைகளைக் கவ்விக்கொண்டு வரும் வேட்டைத் துணையானது. நாள் முழுக்க ஓடவும் நீந்தவும் எதையாவது வாயில் சுமக்கவும் என்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பு அது. அதைப் பூட்டிய வீட்டில் எட்டு மணி நேரம் விட்டுப் போனால் சோபாவின் பஞ்சு வெளியே வரும். அதைக் குறும்பு என்று திட்டுவார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் என்றுதான் நான் சொல்வேன்.

வளர்ந்த லேப் 25 முதல் 36 கிலோ வரை இருக்கும். தினமும் ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது நடையும் ஓட்டமும் விளையாட்டும் கேட்கும். ஆயுள் 10–12 ஆண்டு. அதாவது இன்று அடம்பிடிக்கும் 11 வயதுப் பிள்ளைக்கு, நாயின் கடைசிக் காலத்தில் 22 வயதாகியிருக்கும். அப்போது நாயோடு இருக்கப்போவது நீங்கள்தான்.

ஓர் ஒத்திகை பாருங்கள். ஒரு மாதம், நாய் இல்லாமலே, காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி வீட்டில் யாராவது நடந்துவிட்டு வாருங்கள். மழை பெய்தாலும்தான். அது நடந்தால் குட்டியைப் பற்றிப் பேசலாம். பகலில் வந்து பார்க்க ஆள் இல்லையென்றால் குட்டி வேண்டாம். காப்பகத்தில் இருக்கும், இரண்டு மூன்று வயதான, குணம் தெரிந்த நாய் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்.

கேள்வி: "வெள்ளி நிற லேப், அபூர்வம்" என்று இரு மடங்கு விலை சொல்கிறார் ஒருவர். பேப்பர் உண்டாம். குட்டிக்கு 35 நாள். தாய் வேறு இடத்தில் இருக்கிறதாம், போட்டோ அனுப்பினார். முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

நிறத்திலிருந்து தொடங்குவோம். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்கள் லேப்புக்கு ஏற்கும் நிறங்கள் மூன்றே: கறுப்பு, மஞ்சள், சாக்லேட். வெள்ளி என்பது சாக்லேட் நிறத்தை ஒரு மரபணு வெளிறச் செய்த வடிவம். அப்படி வெளிறிய நாய்களில் சிலவற்றுக்குப் பின்னாளில் முடி கொட்டி, தோல் தொல்லையும் வரும். கூடுதல் விலை கொடுத்து அதை வாங்குவானேன்?

பேப்பர் என்பது வம்சாவளிச் சான்று. பெற்றோர் யார் என்று சொல்லும், அவை ஆரோக்கியமானவையா என்று சொல்லாது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு காகிதங்கள். லேப்பின் பெரிய பலவீனம் இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும். குட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் தாய், தகப்பன் இரண்டுக்கும் எக்ஸ்ரே எடுத்து மதிப்பிட்ட அறிக்கை வேண்டும். கண் பரிசோதனை வேண்டும். மெல்ல மெல்லப் பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோய்க்கும், கடுமையாக ஓடும்போது பின்னங்கால்கள் துவண்டு விழும் கோளாறுக்கும் மரபணுச் சோதனைகள் இருக்கின்றன. இவற்றைக் கேட்டதும் "எங்க நாய்க்கு அதெல்லாம் வராதுங்க" என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

35 நாள் என்பது அநியாயம். எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பதே அந்த விளையாட்டில்தான். பல நாடுகளில் எட்டு வாரத்துக்கு முன் விற்பது சட்டப்படியே குற்றம்.

தாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்காதீர்கள். தாய் அந்நியரைக் கண்டு பதுங்குகிறதா, உறுமுகிறதா, வாலாட்டி வருகிறதா என்று பாருங்கள், குட்டியின் குணத்துக்கு அதைவிட நல்ல முன்னோட்டம் இல்லை. வேட்டை வேலைக்கான வம்சமா, கண்காட்சிக்கான வம்சமா என்றும் கேளுங்கள். முன்னதன் சுறுசுறுப்பு சாதாரணக் குடும்பத்துக்குத் தாங்காது. வாங்கிய சில நாளில் மருத்துவர் குறை கண்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பிரீடர், அதாவது குட்டிகளை ஈன வைத்து விற்பவர், உங்களிடம்தான் அதிகம் கேள்வி கேட்பார்.

கேள்வி: நான்கு மாதக் குட்டி கையைக் கடிக்கிறது, வாக்கிங் போனால் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மின்னதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டை, ஷாக் காலர், வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் பருவம், ஆறாம் மாதம் வரை ஈறு அரிக்கும். கடித்ததும் விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடுங்கள். கைக்குப் பதில் ரப்பர் பொம்மை கொடுங்கள். இழுத்தால் மரம் மாதிரி நில்லுங்கள், கயிறு தளர்ந்த பிறகே அடுத்த அடி. முதல் வாரம் தெருமுனையைக்கூடத் தாண்ட மாட்டீர்கள், பரவாயில்லை. பயிற்சி ஐந்து நிமிடம் போதும், நாளுக்கு மூன்று நான்கு முறை. முக்கியமாக, வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "உட்கார்", பிள்ளை "சிட்" என்றால் குட்டி என்ன செய்யும்?

ஷாக் காலர் வலியையும் பயத்தையும்தான் கற்றுக்கொடுக்கும். அந்தக் காசுக்கு மார்புப் பக்கம் கொக்கி வைத்த ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் வார்) வாங்குங்கள்.

கேள்வி: எவ்வளவு போட்டாலும் பசி. கடைக்காரர் கால்சியம் பவுடரும் சேர்க்கச் சொல்கிறார்.

பதில்: லேப்பின் பசியை நம்பாதீர்கள். சுமார் நான்கில் ஒரு லேப்புக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் குறை இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டார்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு. பெரிய இனக் குட்டிகளுக்கான, எல்லாச் சத்தும் அடங்கிய உணவு போடுகிறீர்கள் என்றால் கால்சியம் பவுடர் வேண்டாம், மிகுதியான கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும். திராட்சை, வெங்காயம், சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் எல்லாம் எட்டாத இடத்தில் இருக்கட்டும். எட்டாத இடம் என்று நீங்கள் நினைப்பதற்கு இன்னும் ஒரு தட்டு மேலே.