மலைப்பாதையில் என்ஜின் சூடேறினால்: கேள்வி பதில்

கேள்வி: ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும்போது, பாதி வழியிலேயே வெப்பமுள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. உடனே நிறுத்த இடமும் இருப்பதில்லை. என்ன செய்யலாம், ஐயா?

பதில்: முதலில் ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஹீட்டரை முழு வெப்பத்திலும் முழு வேகத்திலும் வையுங்கள். வெயில் நேரத்தில் இது தண்டனையாகத் தோன்றும்; ஆயினும் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் (heater core) என்ற பகுதியும் ஒரு சிறிய ரேடியேட்டரே என்பதால், என்ஜினின் சூட்டில் ஒரு பங்கு அதன் வழியாக வெளியேறிவிடும். முள் இறங்கத் தொடங்கினால், இடம் கிடைக்கும் வரை மெதுவாக ஏறலாம். முள் உச்சியில் இருக்கும்போதே ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வடிந்துவிட்டது அல்லது பம்ப் அதைச் சுற்றி அனுப்பவில்லை என்று கருதுங்கள். அந்நிலையில் அடுத்த வளைவு வரைகூடப் போகாமல் ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கல்லும் வைத்துவிடுங்கள்.

கேள்வி: பானட்டிலிருந்து ஆவி வந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. மூடி தாங்கும் சுமார் 1 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகி அழுத்தம் விலகிய கணமே அது பொங்கி முகத்தில் பாயும். அரை மணி நேரமாவது காத்திருந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடு தணிந்து அமுக்கினால் நெகிழ்கிறதா என்று பார்த்த பிறகே, மூடியின்மேல் தடித்த துணியைப் போட்டுச் சிறிது சிறிதாகத் திருகுங்கள். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் (என்ஜினின் மேல்பகுதி) வளையவோ விரிசல் விடவோ கூடும்.

கேள்வி: எங்கள் கார் நெரிசலில் மட்டுமே சூடேறுகிறது.

பதில்: பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன்தான் காரணம். அதன் ஃபியூஸையும் ரிலேயையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: ஆவி வந்துகொண்டிருந்தபோதே முள் திடீரெனக் கீழே இறங்கியது. சூடு தணிந்துவிட்டது என்று ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். கூலன்ட் வற்றிய இடத்தில் சென்சார் ஆவியில் தொங்கிக்கொண்டிருப்பதால், தவறான அளவைக் காட்டியிருக்கலாம். சூடு ஆறிய பிறகு ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபியின் நிறத்தில் இருந்தால், ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) வழியாக நீர் கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல் இழுவை வண்டியை அழையுங்கள்.